சிவப்புக் கோடும் முக்கால் அங்குலமும்

அந்த லேசர் விளக்கை நான் வாங்கியது ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர்க்கடையில். சாவிக்கொத்தில் தொங்குகிற, சுண்டுவிரல் நீளச் சாமான். பொத்தானை அமுக்கினால் எதிர்ச் சுவரில் சிவப்பாக ஒரு பொட்டு விழும். காலேஜ் படிக்கிறவர்கள் அதைக் கொண்டுபோய் சினிமாக் கொட்டகைத் திரையில் அடித்து ஏச்சு வாங்கிக்கொண்டிருந்த வருஷம் அது, தொண்ணூறுகளின் கடைசி. நாற்பது தாண்டிய நான் அதை என் மர அறுப்பு மெஷினில் கட்டப் போகிறேன் என்று சொன்னபோது என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஏசினால் பதிலுக்கு ஏசலாம். ஒன்றும் சொல்லாவிட்டால்தான் எனக்கு எரிச்சல் இரட்டிப்பாகும்.

எங்களுக்கு ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் படங்களுக்குப் பிரேம் போடுகிற கடை. சட்டம் அறுப்பது நான், கண்ணாடி அறுப்பது அவள். எண்பதுகள் முழுக்கக் கைவாளால்தான் அறுத்தேன். சாய்வாகப் பள்ளம் வெட்டிய ஒரு மரத் தொட்டியில் சட்டத்தை வைத்து, பள்ளத்துக்குள் வாளை ஓட்டினால் முனை நாற்பத்தைந்து டிகிரிக்கு வந்துவிடும். தோள் பிய்ந்து போகும், ஆனால் மூலை சேரும். பிறகு மதுரையில் ஒருவர் கடையை மூடும்போது அவருடைய மைட்டர் சா மெஷினை வாங்கி வந்தேன். வட்டப் பிளேடு, கைப்பிடியைப் பிடித்துக் கீழே இறக்கினால் ஒரே நொடியில் துண்டு. தோள் பிழைத்தது, மூலை கெட்டது.

ஏனென்றால் அந்த மெஷினில் பிளேடு எங்கே இறங்கப் போகிறது என்று பார்க்க முடியாது. தகரக் கவசம் கண்ணை மறைக்கும். பென்சில் கோட்டை உத்தேசமாக அடியில் வைத்து, பிளேடை மெதுவாக இறக்கி, குனிந்து பார்த்து, நகர்த்தி, மறுபடி இறக்கி, மறுபடி குனிந்து பார்த்து... அதற்குள் கடைக்கு வந்தவர் இரண்டு டீ குடித்துவிடுவார். அப்படியும் மயிரிழை தப்பும். மூலையில் இடைவெளி விழும். மரத்தூளையும் பசையையும் குழைத்து அதை அடைத்து, மேலே பாலிஷ் பூசி, நல்ல வேலைக்காரன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு படத்தைக் கொடுத்தனுப்புவேன். சாமி படமாக இருந்தால் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

மதுரையில் ஒரு மெஷின் கடையில் வெளிநாட்டுச் சரக்கு ஒன்றைப் பார்த்தேன். பிளேடு இறங்கப் போகிற இடத்தில் மரத்தின் மேல் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. பென்சில் கோட்டை அதன் மேல் வைத்தால் முடிந்தது வேலை. விலையை விசாரித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன். அப்புறம்தான் தேர்க்கடையில் இந்தச் சாவிக்கொத்துச் சாமான் கண்ணில் பட்டது. கெரகம் பிடித்த நேரம் அது.

முதல் தொல்லை பொத்தான். விரலை எடுத்தால் விளக்கு அணைந்துவிடும். சைக்கிள் டியூபைக் கீறி அதை இறுக்கிக் கட்டினேன். கட்டினால், அதில் போட்டிருந்த பொத்தான் பேட்டரி மத்தியானத்துக்குள் செத்துப் போனது. வயர் பற்றவைத்து மூன்று பென்சில் பேட்டரிகளை வெளியே தொங்கவிட்டேன். அடுத்தது, விழுவது பொட்டு. எனக்கு வேண்டியதோ கோடு. கடைக்கு வருகிற கெமிஸ்ட்ரி வாத்தியார் ஒருவர், ஒளிக்கு முன்னால் கண்ணாடிக் குச்சியைக் குறுக்கே வைத்தால் பொட்டு கோடாக நீளும் என்று சொல்லி, பள்ளிக்கூட லேபிலிருந்து ஒரு குச்சியும் இரவல் கொடுத்தார். நீண்டது. மெஷினைப் போட்டதும் அந்தக் கோடு பேய் பிடித்த மாதிரி ஆடியது. இரண்டு பசையைப் பிசைந்து ஒட்டுகிற மக்கை உருட்டி, விளக்கையும் குச்சியையும் மெஷினின் பின்கழுத்தில் புதைத்தேன். மக்கு காய்வதற்குள் விளக்கு ஒருபக்கம் சாயும். பெயர்த்து எடுத்து மறுபடி புதைப்பேன். வெயிலடித்தால் கோடு தெரியாது என்று ஷட்டரைப் பாதி இறக்கிவைத்தேன். வந்த வாடிக்கை கடை லீவு என்று நினைத்துத் திரும்பிப் போனது.

இப்படியே இரண்டு மாதம். "பேசாம பென்சில் கோட்டப் பாத்து அறுத்திருந்தா அம்புட்டுப் படமும் முடிஞ்சிருக்கும்" என்று ஒரு நாள் மனைவி கண்ணாடியிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். என் வாயில் இரண்டு திருகாணி இருந்தது.

கடைசியில் வந்து சேர்ந்தது. எங்கள் கடையில் ஓடுவதெல்லாம் அரை அங்குலக் கனத்துச் சட்டம்தான். அதில் வைத்துப் பார்த்தேன். சிவப்புக் கோடு விழுந்த இடத்திலேயே பிளேடு இறங்கியது. பத்துத் துண்டு அறுத்தேன், பத்தும் அப்படியே. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நல்லாத்தான் இருக்கு என்றாள். அன்று முழுக்கக் கடையில் என் கால் தரையில் படவில்லை.

அந்த வாரம்தான் அத்தான் இறந்து போனார்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு. இருபது வருஷம் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். காலையில் எழுந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். ஐந்தாறு நாள் நான் அங்கேயே கிடந்தேன்.

ஆறாம் நாள் அக்கா என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தேக்குக் கட்டையை இழுத்துப் போடச் சொன்னாள். இரண்டுக்கு இரண்டு அங்குலம், எட்டடிக்குக் கொஞ்சம் குறைச்சல். அத்தான் ஒரு லீவில் வந்தபோது பிளவக்கல் பக்கம் யாரிடமோ வாங்கி வந்தது. அடுப்படியில் அக்காவுக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு தட்டு அடித்துத் தருவதாகச் சொல்லி வாங்கியவர், பதினைந்து வருஷமாக நாளைக்கு நாளைக்கு என்று சொல்லியே போய்ச் சேர்ந்தார். இறந்து போவதற்கு முந்தின நாள்கூட அக்கா அதைச் சொல்லி அவரை ஏசியிருக்கிறாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வைக்கிற படத்துக்கு இந்தக் கட்டையில்தான் பிரேம் போடவேண்டும், இரண்டாகப் பிளக்கக் கூடாது, அவர் வாங்கிப் போட்ட கனத்திலேயே இருக்கவேண்டும் என்றாள்.

பிறகு படத்தைக் காட்டினாள். ஹவில்தார் ஆகி மூன்று பட்டை வாங்கிய கையோடு வந்த லீவில், அந்தப் பட்டையைக் காட்டுவதற்காகவே ஸ்டூடியோவில் எடுத்தது. அத்தான் யூனிபாரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அக்கா நிற்கிறாள். காரியத்துக்கு வைக்கிற படத்தில் உயிரோடு இருப்பவர் இருக்கக் கூடாதே, அதனால் ஸ்டூடியோக்காரர் அக்காவை விட்டுவிட்டு அத்தானை மட்டும் பெரிசாக்கிக் கொடுத்திருந்தார். ஆனால் ஓரத்தில், அத்தானின் இடது தோள் மேல் ஒரு கை மட்டும் மிச்சம் இருந்தது. நான்கு விரல், ஒரு மணிக்கட்டு, இரண்டு வளையல். எதிர் ஓரத்தில் அத்தானின் வலது கை, சட்டைமேல் தைத்த மூன்று பட்டையோடு.

அத்தானின் அண்ணன், நாங்கள் பெரியத்தான் என்று கூப்பிடுவோம், அவரும் பட்டாளம்தான். உயிரோடு இருப்பவள் கை மாலைக்குள் வந்தால் குடும்பத்துக்கு ஆகாது, அதை மை பூசி அழித்துவிடுங்கள் என்று அவர் ஸ்டூடியோக்காரரிடம் சொல்லியிருக்கிறார். அக்கா அவருக்குத் தெரியாமல் ஆள் விட்டு அதைத் தடுத்திருக்கிறாள்.

"ஸ்டூடியோக்காரரு வைக்கச் சொன்னாருன்னு வச்ச கைதாம்லே அது" என்றாள் என்னிடம். "நாலு பேரு பாக்க அவிய மேல நான் கை வச்சது அந்த ஒரு தடவதான். அது தெரியணும். மறைச்சிராத."

அக்கா என்னிடம் அதுவரை எதையும் கேட்டதில்லை. சரி என்று சொல்லிக் கட்டையைப் பஸ்ஸின் மேல் போட்டுக்கொண்டு ராஜபாளையம் வந்தேன். படத்தை மடியில் வைத்துக்கொண்டேன்.

இப்போது யோசித்தால் என் கையை நானே கடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. பழைய மரத் தொட்டி கடையின் பரணில்தான் கிடந்தது. கைவாள் ஆணியில் தொங்கியது. ஒரு மணி நேரம் தோள் வலித்தால் வலித்துவிட்டுப் போகிறது என்று நினைத்திருக்கலாம். ஆனால், ஒரே ஒரு கட்டை, தப்பினால் வேறு கிடையாது, அதனால் மயிரிழைகூடப் பிசகக் கூடாது, அதனால் சிவப்புக் கோட்டில்தான் அறுக்கவேண்டும் என்று என் மண்டைக்குள் ஒரு கணக்கு ஓடியது. மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: இது கனத்த கட்டை, வேறு கனத்த துண்டு எதிலாவது முதலில் ஒரு தடவை அறுத்துப் பாருங்கள். பத்து மணிக்குக் கரண்டை எடுத்துவிடுவார்கள், அப்புறம் சாயங்காலம்தான் வரும், சோதனை செய்துகொண்டிருக்க நேரமில்லை என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். நேரம் இருந்தது. அவள் சொல்லி நான் செய்வதா என்பதுதான் விஷயம்.

வழக்கமாக ஒரு வெட்டு வெட்டி, அந்த முனையிலிருந்து டேப்பைப் பிடித்து அடுத்த கோட்டைப் போடுவேன். அன்று, புது முறை என்ற மிதப்பில், கட்டையைக் கைவாளால் கொஞ்சம் நீட்டமாகவே நாலு துண்டாக்கி, நாலுக்கும் இரண்டு பக்கமும் பென்சில் கோட்டை முன்கூட்டியே போட்டுவிட்டேன். மெஷினுக்கு இடப்பக்கம் சுவர். அதனால் வேண்டிய மரத்தை எப்போதும் வலப்பக்கம் வைத்துத்தான் அறுப்பேன். ஒரு முனை முடிந்தால் திருப்பிப் போட்டு அடுத்த முனை. எட்டு முனையும் எட்டு நிமிஷத்தில் முடிந்தது. கோட்டின் மேல் கோடு, பிசகே இல்லை. மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தேன், அச்சு அசலாக ஒத்துப் போயின. பக்கத் துண்டுகளும் அப்படியே. நாலையும் தரையில் சேர்த்து வைத்தால் மூலைகளில் ஊசி நுழையாது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு மூலை என் கையால் வந்ததில்லை. எப்படி இருக்கு என்று மனைவியைக் கேட்டேன்.

அவள் விளக்குமாறோடு வந்தவள். மூலையைப் பார்க்கவில்லை. கீழே கிடந்த கழிவுத் துண்டு ஒன்றைக் குனிந்து எடுத்தாள்.

"கோடு ஏங்க இந்தத் துண்டுல இருக்கு?"

வாங்கிப் பார்த்தேன். பிளேடு தின்றிருக்க வேண்டிய பென்சில் கோடு, கழிவுத் துண்டின் மேல் முழுசாக, வெட்டு விளிம்பிலிருந்து மூன்று நூல் தள்ளிச் சிரித்துக்கொண்டிருந்தது. எட்டு நூல் சேர்ந்தால் ஒரு அங்குலம். மற்ற ஏழு துண்டுகளையும் பொறுக்கினேன். ஏழிலும் கோடு இருந்தது. முனைக்கு மூன்று நூல் என்றால் ஒவ்வொரு பக்கத்திலும் முக்கால் அங்குலம் குறைச்சல். அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது.

விஷயம் ரொம்பச் சின்னது. விளக்கு பிளேடுக்கு நேராக இல்லை. இடப்பக்கம் இரண்டு அங்குலம் தள்ளி உட்கார்ந்து, சாய்ந்து பார்க்கிறது. மெல்லிய சட்டம் என்றால் ஒளி அடிவரை இறங்கி வந்து பிளேடின் தடத்தில் சேரும். கனத்த கட்டையின் மேல்பக்கம் உயரத்தில் இருக்கும். அங்கே ஒளி பாதி வழியிலேயே இடது பக்கம் விழுந்துவிடும். கோட்டை நான் அதற்கு ஒத்தி வைத்தால், பிளேடு வலப்பக்கம் தள்ளி, என் அக்காவின் மரத்துக்குள்தான் இறங்கும். இது இரண்டு மாதமாக என் மூளையில் ஏறவில்லை. விளக்கை மக்கோடு சேர்த்துப் பிய்த்துச் சுவரில் அடித்தேன். வாத்தியாருக்குத் திருப்பித் தரவேண்டிய கண்ணாடிக் குச்சியும் உடைந்தது. கூட்டிப் பெருக்கியவள் அவள்தான்.

துண்டுகளைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். உயரத்தில் குறைந்தது பரவாயில்லை, தலைக்கு மேல் வெற்றிடம் இருந்தது. அகலத்தில்தான் உயிர் போனது. பட்டை தெரிகிற மாதிரி வைத்தால் அக்காவின் கை சட்டத்துக்குள் போய்விடும், நகம் மட்டும் தெரியும். கை தெரிகிற மாதிரி வைத்தால் அத்தானின் வலது கை போய்விடும், மூன்று பட்டையும் போய்விடும். இரண்டும் தெரிவதற்கு இடம் இல்லை. எத்தனை தடவை நகர்த்தினாலும் முக்கால் அங்குலம் முக்கால் அங்குலம்தான். படத்தைச் சின்னதாக மறுபடி போட்டு வாங்க நாலு நாளாவது ஆகும், காரியத்துக்கு மூன்றே நாள்தான் இருந்தது.

மர டிப்போவுக்கு ஓடினேன். அதே கனத்தில், ஏறக்குறைய அதே நிறத்தில் ஒரு தேக்குக் கட்டை கிடைத்தது. ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டு வந்து, மனைவியிடம் மெதுவாக ஆரம்பித்தேன். அக்காவுக்கு வித்தியாசம் தெரியாது, மனசுக்கு நிம்மதியாக இருக்கும், யாருக்கு என்ன நஷ்டம் என்றேன்.

"சொல்லிட்டு மாத்துங்க. சொல்லாம மாத்துனா கண்ணாடி நான் அறுக்க மாட்டேன்" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவள் மேல் ஆத்திரம், மெஷின் மேல் ஆத்திரம், தட்டு அடிக்காமல் செத்துப் போன அத்தான் மேல்கூட ஆத்திரம். பதினாலாம் நாள் காலையில் நாலு துண்டையும் ஒரு பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினேன். பஸ் அன்றைக்கென்று சீக்கிரம் போய்ச் சேர்ந்தது.

அக்கா உள்ளறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கதவைச் சாத்திவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். லேசரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து அவளுக்கு விளங்கவில்லை என்றதும், நான் தப்பாக அறுத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். வேறு கட்டை பார்த்து வைத்திருக்கிறேன், அதில் போட்டால் எல்லாம் தெரியும் என்றேன். அவள் படத்தைத் தரையில் வைத்து, துண்டுகளை அதன் மேல் சேர்த்து, இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை நகர்த்திப் பார்த்தாள். கை மறைந்தது. பட்டை மறைந்தது. மறுபடி கை மறைந்தது.

"வேற கட்ட வேண்டாம்லே" என்றாள். "இந்தக் கட்டையச் சொல்லித்தான் அவியள எம்புட்டோ ஏசிட்டேன். இதுலதான் இருக்கணும்."

பட்டையா, கையா என்று நான்தான் கேட்கவேண்டியிருந்தது.

"பட்டைய ஊரே பாத்தாச்சு. கை தெரியட்டும்."

ஒரு வார்த்தை ஏசவில்லை. சின்ன வயசில் என் சட்டைப் பொத்தான் அறுந்தால்கூட முதுகில் ஒன்று வைப்பாள். அன்றைக்கும் வைத்திருக்கலாம். நாலு வார்த்தை கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். அன்றே பிரேமைக் கோத்தேன். மனைவி கண்ணாடி அறுத்துத் தந்தாள்.

பதினாறாம் நாள் வீடு நிறையக் கூட்டம். முன்னறையில் நாற்காலி மேல் படத்தை வைத்து, விளக்கேற்றி, அக்காவே மாலையைப் போட்டாள். போட்டவள், தோள் மேலிருந்த கையை மறைக்காதபடி மாலையைக் கொஞ்சம் விலக்கியும் விட்டாள். பெரியத்தான் குளித்துவிட்டு வந்து கும்பிட நின்றவர், கும்பிட்ட கையை இறக்கிவிட்டுப் படத்தின் கிட்டே போனார். சட்டத்தின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பட்டை எங்க மாப்ள?"

மெஷின், கட்டை, மூன்று நூல் என்று எல்லாமே வாய்க்குள் இருந்தது. நான் அறுத்ததில் தப்பு என்று இரண்டே வார்த்தை சொன்னால் போதும். கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்தது.

"அவனக் கேக்காதீங்க. நாந்தான் மறைக்கச் சொன்னேன்" என்றாள் அக்கா.

பெரியத்தான் அவளையும் பார்த்தார், படத்திலிருந்த கையையும் பார்த்தார். என் தம்பி பட்டையை மறைத்துவிட்டு உன் கையைக் காட்டுகிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றாள். பின்கட்டில் இலை போட்டாகிவிட்டது. எல்லோரும் கூப்பிட்டுக்கொண்டே இருக்க, அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் தெருவில் இறங்கிப் போனார். அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை. அக்கா மகள் கல்யாணத்துக்கு நான் நேரில் போய்ப் பத்திரிகை வைத்தேன். வாங்கிக்கொண்டார், வரவில்லை. தகப்பன் இல்லாத பெண்ணுக்குப் பெரியப்பாவாக மணையில் உட்கார வேண்டியவர்.

பத்திரிகை வைக்கப் போன அன்று, அவர் வீட்டில் அரை மணி நேரம் அவருக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். காப்பி கொடுத்தார்கள், குடித்தேன். மழையைப் பற்றிப் பேசினோம். நான் தப்பாக அறுத்ததில் போன பட்டை அது என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். அக்கா எல்லோர் முன்னாலும் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டாளே, அதை நான் உடைத்தால் அவளுக்குத்தான் அவமானம் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். நியாயமெல்லாம் ஒன்றும் இல்லை, தைரியம் இல்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசி வரைக்கும் அவர் கோபம் அக்கா மேல்தான் இருந்தது.